முக்கால் லிட்டரும் சத்து மருந்தும்

அரசாங்க ஜீப்புக்கும் காலாகாலத்தில் ஆயில் மாற்ற வேண்டும் என்பதில் அரசாங்கத்துக்கு மாற்றுக் கருத்து கிடையாது. அதற்கு விதி இருக்கிறது, படிவம் இருக்கிறது, படிவத்தை வைக்க அலமாரி இருக்கிறது, அலமாரிக்கு இரண்டு சாவியும் இருக்கிறது. ஆயில் மட்டும்தான் இல்லை.

கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையின் பின்கேட்டுப் பக்கம் தொழில் ஒருங்கிணைப்புத் துணை அலுவலகம் என்று ஒன்று உண்டு. பேட்டையில் இருக்கிற கம்பெனிகள் ஒன்றோடொன்று ஒருங்கிணைந்துதான் இருக்கின்றனவா என்று ஜீப்பில் போய்ப் பார்த்துவிட்டு வருவது அதன் வேலை. பார்த்தால், அநேகமாக எல்லாக் கம்பெனியும் போன வாரம் இருந்த இடத்திலேயே இருக்கும். அதை அறிக்கையாக எழுதித் திருவள்ளூரில் உள்ள தலைமை அலுவலகத்துக்கு அனுப்புவார்கள். ஆக, அந்த ஆபீசுக்கு ஜீப்புதான் உயிர். ஜீப்பு நின்றால் அறிக்கை நிற்கும். அறிக்கை நின்றால் கம்பெனிகள் எங்கே இருக்கின்றன என்று சர்க்காருக்குத் தெரியாமல் போய்விடும்.

ஜீப்பை ஓட்டுபவர் சாம்சன். பதினோரு வருஷமாகத் தற்காலிக ஓட்டுநர். இந்த உலகத்தில் எல்லாமே தற்காலிகம்தான் என்று ஞாயிற்றுக்கிழமை சபையில் பாஸ்டர் சொல்லும்போதெல்லாம், தன் ஆபீஸ் ஆணையைத்தான் எடுத்துப் படிக்கிறாரோ என்று அவருக்குத் தோன்றும். அந்த வருஷம் கர்த்தர் கண் திறந்தார். பணி நிரந்தரம் செய்யும் கோப்பு திருவள்ளூரில் அசைந்தது. ஒரே ஒரு நிபந்தனை. மார்ச் முடிவில், "அன்னாரின் பொறுப்பிலுள்ள வாகனம் பெரும்பழுது ஏதுமின்றி நல்ல முறையில் இயங்கி வருகிறது" என்று ஆபீஸ் தலைவர் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும். சாம்சனின் மனைவி ஹெலன் அந்த வரியை மனப்பாடமே செய்துவிட்டாள். ஜெபத்தில் பிள்ளைகளுக்கு அடுத்தபடியாக ஜீப்புக்கு இடம் கொடுத்தாள்.

ஆனால் ஒரு சிக்கல். ஜீப்பில் ஆயில் மாற்றி ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது.

காரணம் ஒரு முக்கால் லிட்டர். புது ஆயில் வாங்க வேண்டுமென்றால், பழைய ஆயிலை அதே அளவு ஸ்டோரில் ஒப்படைக்க வேண்டும் என்பது விதி. போன தடவை கொடுத்தது ஆறு லிட்டர். பத்தாயிரம் கிலோமீட்டர் ஓடி இறக்கியபோது வந்தது ஐந்தேகால் லிட்டர். கண்காணிப்பாளர் சந்திரகலா மேடம் அளந்து பார்த்தார், கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி அளந்தார். பழைய ஆயிலையே ஜீப்பில் திரும்ப ஊற்றிக்கொள்ளச் சொல்லிவிட்டு, கோப்பு திறந்து எழுதினார்: "மீதி முக்கால் லிட்டர் யாரிடம் உள்ளது?"

ஓட ஓட என்ஜின் கொஞ்சம் குடிக்கத்தான் செய்யும் என்று சாம்சன் எழுதிக் கொடுத்தார். "என்ஜின் குடித்தது எனில் எந்தத் தேதியில், எந்த இடத்தில், யார் முன்னிலையில்?" என்று அடுத்த குறிப்பு வந்தது. தேதி என்று ஒன்று கிடையாது, போகிற வழியெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்தது என்று இவர் உண்மையை எழுதினார். கோப்பு திருவள்ளூர் போய் நான்கு மாதம் கழித்துத் திரும்பியது. வழியெல்லாம் குடித்ததாக ஒப்புக்கொண்டுள்ள ஓட்டுநரை மருத்துவப் பரிசோதனைக்கு அனுப்பவும் என்று ஓரத்தில் பச்சை மையில் எழுதியிருந்தது. சாம்சன் போய் ஊதிக் காட்டிவிட்டு வந்தார். அவர் வாயில் ஆயில் வாடை இல்லை என்று டாக்டர் சான்று கொடுத்தார். ஆனாலும் முக்கால் லிட்டர் கிடைத்தபாடில்லை.

சந்திரகலா மேடத்தைக் கெட்டவர் என்று சொன்னால் நாக்கு அழுகிவிடும். தீபாவளிக்கு அதிரசம் கொண்டுவந்து எல்லார் மேஜையிலும் வைக்கிற மனுஷி. "எனக்கு மட்டும் ஆசையா சாம்சன்? பழைய கணக்கு முடியாம புதுசுக்கு நான் கையெழுத்துப் போட்டா, நாளைக்கு என் பென்ஷன்ல கை வெப்பாங்க" என்பார். அவர் சொல்வதும் நியாயம்தான். நியாயமில்லாத ஆள் அந்த ஆபீசில் ஒருத்தர்கூடக் கிடையாது. அதுதான் பேஜாரே.

இப்படி ஜீப்பு தொண்டையில் சளி கட்டிய ஆள் மாதிரி இருமிக்கொண்டு ஓடிய காலத்தில்தான் ஆபீஸ் தலைவர் தணிகாசலத்துக்குச் சத்துப் பைத்தியம் பிடித்தது.

தணிகாசலம் பள்ளிப்பட்டுக்காரர். ஐம்பது வயதுவரை கேப்பைக் களியும் கருவாட்டுக் குழம்பும் தின்று கல்லு மாதிரி இருந்தவர். துணை இயக்குநர் ஆனதும், இத்தனை நாள் சத்தே இல்லாமல் வாழ்ந்துவிட்டோம் என்று அவருக்குத் தெரியவந்தது. காலையில் பட்டைத் தண்ணீர், பதினோரு மணிக்கு ஆளி விதை, மத்தியானம் ஏதோ ஒரு பொடி, சாயந்திரம் அந்தப் பொடி செரிக்க வேறொரு பொடி. கையில் ஒரு கடிகாரம். மணிக்கொரு தரம் அது உறுமும். உறுமினால் உட்கார்ந்திருப்பவர் எழுந்து நிற்க வேண்டுமாம். கூட்டம் நடக்கும்போது அவர் சடாரென்று எழுவார். அதிகாரியே எழுந்தபின் மற்றவர்கள் உட்கார்ந்திருக்க முடியுமா? மொத்த ஆபீசும் எழுந்து ஒரு நிமிஷம் மௌனமாக நிற்கும். புதிதாக மனு கொடுக்க வந்தவர்கள் யாரோ தவறிவிட்டார்கள் என்று எண்ணித் தலை குனிந்துகொள்வார்கள்.

இந்தப் பைத்தியம் அவருக்கு மட்டும் இருந்திருந்தால் ஆபீஸ் தாங்கியிருக்கும். பேட்டையிலும் அப்போது ஒரு நாகரிகம் பரவிக்கொண்டிருந்தது. கம்பெனி மேனேஜர்கள் டீ வேளையில் முன்னெல்லாம் பிள்ளை படிப்பைப் பற்றிப் பேசுவார்கள். இப்போது யார் யார் கார் என்ஜினுக்கு என்ன மருந்து ஊற்றுகிறார்கள் என்று பேசிக்கொண்டார்கள். ஆயிலோடு சேர்த்து ஊற்றுகிற ஒரு பாட்டில். ஒருவர் ஜெர்மனி மருந்து ஊற்றினார். இன்னொருவர் ராக்கெட்டுக்கு ஊற்றுவதையே தன் காருக்கும் ஊற்றினார். "உங்க ஜீப்புக்கு என்ன சார் போடுறீங்க?" என்று ஒருநாள் தணிகாசலத்தைக் கேட்டுவிட்டார்கள். அவர் அன்றைக்கு டீயைப் பாதியிலேயே வைத்துவிட்டு ஜீப்பில் ஏறினார்.

"சாம்சன், வண்டி இருமுது. அதுக்குச் சத்து பத்தல."

"சத்து இல்ல சார். ஆயில் மாத்தணும்."

"ஆயில் வெறும் சோறு நைனா. சோறு மட்டும் தின்னா உடம்புல ஒட்டுமா?"

"அந்தச் சோறே ஒன்றரை வருஷத்துப் பழசு சார்."

தணிகாசலத்தின் கையில் கடிகாரம் உறுமியது. ஓடுகிற ஜீப்பில் எப்படி எழுந்து நிற்பது என்ற கவலை அவருக்கு வந்துவிட்டது.

மறுவாரமே அன்புசெல்வன் என்ற விற்பனைப் பிரதிநிதி வந்து இறங்கினான். கழுத்தில் டை, கையில் பெட்டி, பெட்டிக்குள் 'பலவான்' என்கிற சத்து மருந்து. கூடவே ஒரு குட்டி மெஷின். அதைச் சந்திரகலா மேடத்தின் மேஜையில் வைத்து ஓட்டினான். ஒரு இரும்பு வளையம் சுற்றியது. அதன்மேல் ஒரு இரும்புத் துண்டை அழுத்தினான். வெறும் ஆயிலில் அது கிறீச்சென்று கத்தி நின்றுபோனது. அப்புறம் பலவானில் ரெண்டு சொட்டு விட்டான். எவ்வளவு அழுத்தியும் வளையம் சத்தமில்லாமல் சுற்றியது. ஆபீஸே கை தட்டியது. தணிகாசலத்துக்குக் கண் கலங்கிவிட்டது.

அந்த வளையமும் இரும்புத் துண்டும் ஜீப்பு என்ஜினில் எந்தப் பக்கம் இருக்கின்றன என்று சாம்சனுக்கு ஒரு சந்தேகம் வந்தது. ஆனால் சந்தேகப்படும் அதிகாரம் நிரந்தரப் பணியாளர்களுக்கே உண்டு. அவர் மென்று விழுங்கிவிட்டார்.

சந்திரகலா மேடம் மட்டும் விடவில்லை.

"இது ஆயிலா?" என்று கேட்டார்.

"ஆயிலே இல்ல மேடம். ஆயிலுக்குக் குடுக்கிற சத்து" என்றான் அன்புசெல்வன்.

"அப்புறமா அளந்து திருப்பித் தரணுமா?"

"உள்ள போனா உள்ளேயேதான் மேடம். திரும்பி வராது."

ஒன்றரை வருஷத்தில் முதல் தடவையாகச் சந்திரகலா மேடம் மனம் விட்டுச் சிரித்தார். திருப்பித் தர வேண்டாத பொருளை வாங்க விதியில் ஒரு தடையும் இல்லை. முதலுதவிப் பொருட்கள் என்ற தலைப்பில் பஞ்சு, கட்டுத்துணி, டிங்சர் வரிசையில் பலவானும் சேர்ந்தது. ஆயில் கேட்டு ஒன்றரை வருஷம் நகராத காகிதம், மருந்து என்று எழுதியதும் ஒன்றரை மணி நேரத்தில் கையெழுத்தாகி வந்தது.

பாட்டிலில், ஆயில் மாற்றும்போது ஒரு தடவை ஊற்றவும் என்று போட்டிருந்தது. இங்கேதான் ஆயிலே மாற்றுவதில்லையே. தணிகாசலம் யோசித்தார். எந்த மருந்தும் ஒரு மண்டலம் விடாமல் சாப்பிட்டால்தான் உடம்பில் பிடிக்கும் என்று அவருக்குத் தெரியும். ஆகவே நாற்பத்தெட்டு நாளைக்கு, வெள்ளிக்கிழமைதோறும் ஒரு பாட்டில் என்று உத்தரவானது. ராகு காலம் கழித்து ஊற்றினார்கள்.

நாலாவது வெள்ளிக்கிழமைக்கு மறுநாள் ஆரம்பாக்கம் போகிற வழியில் ஜீப்பில் சிவப்பு விளக்கு எரிந்தது. ஆயில் சரியாக ஏறவில்லை, இன்னும் ஓட்டினால் என்ஜின் இறுகிப் போகும் என்பதற்கு அடையாளம் அது. சாம்சன் ஜீப்பை ஓரங்கட்டினார். நல்லகாலம், பக்கத்திலேயே கன்னியம்மாவின் மெக்கானிக் கடை இருந்தது.

கன்னியம்மா பேட்டையில் என்ஜின் பூட்டுகிற கம்பெனியில் பத்து வருஷம் கான்டிராக்டில் நின்றவள். ஒப்பந்தம் முடிந்தது என்று அனுப்பிவிட்டபோது, என்ஜினைப் பற்றி அவளுக்குத் தெரிந்ததைக் கம்பெனியால் திருப்பி வாங்கிக்கொள்ள முடியவில்லை. ரோட்டோரம் தகரம் போட்டுக் கடை வைத்துவிட்டாள். அவள் ஜீப்பின் ஆயில் அளவுக்கம்பியை உருவிப் பார்த்தாள். ரெண்டு விரலில் தொட்டுத் தேய்த்தாள். மோந்து பார்த்தாள்.

"இன்னாண்ணா இது? ஆயிலா, அல்வாவா?"

சாம்சன் முக்கால் லிட்டரில் தொடங்கி மண்டலம் வரைக்கும் ஒன்றுவிடாமல் சொன்னார். கன்னியம்மா துணியில் கையைத் துடைத்துக்கொண்டே கேட்டாள்.

"ஆயில் பண்றவன் இன்னா மாங்கா மடையனாண்ணா? தேயாம இருக்க ஒண்ணு, அழுக்கு எடுக்க ஒண்ணு, நொரை கட்டாம இருக்க ஒண்ணு, எல்லாத்தையும் அளவா கலந்துதான் டப்பாவுல அடைக்கிறான். உப்பு புளி சரியா போட்டு எறக்குன கொழம்புல வர்றவன் போறவன்லாம் ஒரு பிடி உப்பு போட்டா வாயில வெக்க முடியுமா? அதுவும் நீ ஊசிப்போன கொழம்புல போட்டுக்கினு இருக்குற."

"மார்ச்சு வரைக்கும் தாங்குமா, அத்த சொல்லு."

"பொங்கல் வரைக்கும் தாங்குனா நான் உங்க சர்ச்சுக்கு வந்து மெழுகுவத்தி ஏத்துறேன்."

சாம்சன் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். ஆயிலை இவரே மாற்றலாம்தான். ஆனால் அரசாங்க என்ஜினின் அடிப்போல்ட்டை அனுமதி இல்லாமல் திறப்பது குற்றம். தற்காலிகப் பணியாளர் செய்தால் அன்றோடு சீட்டுக் கிழிந்துவிடும். திறந்தால் வேலை போகும், திறக்காவிட்டால் என்ஜின் போகும், என்ஜின் போனால் வேலையும் போகும். பதினோரு வருஷம் ஒரு போல்ட்டில் தொங்கிக்கொண்டிருந்தது. அவருக்கு அழுகை அழுகையாக வந்தது.

"நீ திறக்காதண்ணா," என்றாள் கன்னியம்மா. "நான் திறக்கிறேன். நான் இன்னா சர்க்காரா?"

தணிகாசலம் மத்தியானம் பொடி சாப்பிட்டபின் பத்து நிமிஷம் தியானம் செய்வார். அந்தப் பத்து நிமிஷம் ரெண்டு மணியிலிருந்து மூன்றரை வரைக்கும் குறட்டையோடு நடக்கும். திங்கட்கிழமை தியான வேளையில் ஜீப்பு கன்னியம்மா கடைக்குப் போனது. உள்ளே இருந்தது வழிய மாட்டேன் என்று அடம் பிடித்தது. சுடவைத்து, கெஞ்சி, இறக்கினார்கள். ஃபில்டரையும் மாற்றி, நல்ல ஆயில் ஆறு லிட்டர் ஊற்றினார்கள். கிறிஸ்துமசுக்கு என்று சாம்சன் எடுக்க இருந்த பேண்ட் துணி அந்த வருஷம் ஆயிலாக மாறியது.

சாயந்திரம் ஜீப்பைக் கிளப்பியதும் தணிகாசலம் காதைத் தீட்டிக்கொண்டார். இருமல் இல்லை, புகை இல்லை. ஜீப்பு வழுக்கிக்கொண்டு போனது.

"சாம்சன்."

"சார்."

"மண்டலம் முடியறதுக்குள்ளேயே பிடிச்சுடுச்சு நைனா."

சாம்சன் வாயைத் திறந்தார். ஆயில் என்று சொன்னால் போல்ட்டைத் திறந்ததைச் சொல்ல வேண்டும். "பிடிச்சுடுச்சு சார்" என்று சொல்லி வாயை மூடிக்கொண்டார்.

அதற்கப்புறம் வந்த பாட்டில்களை அவர் வெள்ளிக்கிழமைதோறும் கன்னியம்மா கடையின் பழைய ஆயில் டிரம்மில் கொட்டிவிட்டு, காலி பாட்டிலை மட்டும் ஒப்படைத்தார். சந்திரகலா மேடம் காலி பாட்டிலுக்கு நம்பர் போட்டு அலமாரியில் அடுக்கினார். பாட்டில் கணக்கு ஒரு சொட்டுக் குறையாமல் சரியாக இருந்தது. ஜனவரியில் தணிகாசலம் பதினான்கு பக்கத்துக்கு அறிக்கை எழுதித் திருவள்ளூருக்கு அனுப்பினார். ஆறு மாதத்துக்கு ஒரு பதில் போடுகிற தலைமை அலுவலகம் ஆறே நாளில் பதில் போட்டது. மாவட்டம் முழுக்க எல்லா வாகனத்துக்கும் பலவான் ஊற்ற வேண்டும். அதனால் ஏற்படும் நற்பலன்களைக் கருத்தில் கொண்டு, ஆயில் மாற்றுதல் என்னும் இனம் இனித் தேவையற்றது என நீக்கப்படுகிறது. இந்த மகத்தான முயற்சியின் முன்னோடியான ஓட்டுநர் சாம்சன், திருவள்ளூரில் நடைபெறும் அனுபவப் பகிர்வு விழாவில் உரையாற்றுவார்.

அந்தச் சுற்றறிக்கையைப் படித்த நாளிலிருந்து சாம்சனுக்குச் சோறு இறங்கவில்லை. தன் ஜீப்பு தப்பித்தது. ஊரில் இருக்கிற மற்ற ஜீப்பெல்லாம்? பள்ளிப்பட்டு மலைப்பக்கம் ஒருத்தன் ஓட்டிக்கொண்டு போவான், சிவப்பு விளக்கு எரியும், கன்னியம்மா மாதிரி ஒருத்தி பக்கத்தில் இருக்க மாட்டாள். அவனுக்கும் ஒரு மார்ச்சு இருக்கும். பாவம் யாரைச் சேரும்? விழா அன்று காலையில் ஹெலன் சட்டை தேய்த்துக் கொடுத்து, "பதினோரு வருஷம் காத்துக்கினு இருந்தோம். மைக்கக் குடுத்தா நாலு வார்த்த நல்லதா சொல்லிட்டு வாங்க" என்றாள். உண்மையைச் சொல்லிவிடுவது என்று சாம்சன் முடிவு பண்ணிக்கொண்டு பஸ் ஏறினார். அவர் முடிவு பண்ணியதை அவர் முகமே காட்டிக் கொடுத்தது. பக்கத்தில் உட்கார்ந்த ஆள் உடம்பு சரியில்லையா என்று விசாரித்தார்.

மண்டபத்தில் மாவட்டத்து டிரைவர்கள் நாற்பது பேர் டீக்கு வரிசையில் நின்றார்கள். சாம்சனுக்கு முன்னால் பள்ளிப்பட்டு ஆபீஸ் ஜீப்பு ஓட்டுகிற தாவீது. அவர் டீ டம்ளரை வாங்கியபோது சாம்சன் அந்தக் கையைப் பார்த்தார். நகக்கண்ணில் கறுப்பு. ஜீப்பு ஓட்டுகிறவன் நகத்தில் தூசி இருக்கும், இவ்வளவு ஆயில் இருக்காது. சாம்சன் தன் நகத்தைப் பார்த்துக்கொண்டார். பின்னால் நின்ற டிரைவரின் நகத்தைப் பார்த்தார். அதற்குப் பின்னால் இருந்தவர் கையைப் பாக்கெட்டில் விட்டுக்கொண்டார்.

"தாவீது பிரதர்," என்றார் சாம்சன் மெதுவாக. "நீங்க எங்க மாத்துறீங்க?"

தாவீது இரண்டு பக்கமும் பார்த்தார்.

"நகரிகிட்ட ஒரு கட பிரதர். பார்டர் தாண்டிட்டா ஆந்திரா. நம்ம ரூல் அங்க செல்லாது."

"எப்பலேர்ந்து?"

"மூணு வருஷமா. எனக்கு அரை லிட்டர் கொறையுது. உங்களுக்கு?"

"முக்கால்."

நாற்பது பேரும் மாற்றிக்கொண்டுதான் இருந்தார்கள். ஒருவர் சோற்று வேளையில், ஒருவர் மாமனார் வீட்டுப் புழக்கடையில், ஒருவர் அதிகாரி கோயிலுக்குள் போய்வரும் நேரத்தில். அவரவர் தாம் மட்டும்தான் திருட்டுத்தனம் பண்ணுவதாக நினைத்துக்கொண்டிருந்தார்கள். நாற்பது ஜீப்பும் நன்றாக ஓடின. நாற்பது ஆபீசும் பலவானைப் புகழ்ந்து அறிக்கை அனுப்பியிருந்தன. சாம்சனுக்குத் தலையிலிருந்து ஒரு மூட்டை இறங்கியது. யாருக்கும் ஆபத்தில்லை என்று ஆனபின் உண்மையைச் சொல்லி யாருக்கு என்ன லாபம்? சொன்னால் நாற்பது பேருக்கும் சீட்டுக் கிழியும். அவர் மேடை ஏறி மைக்கைப் பிடித்தார்.

"இந்த பாட்டில் எங்க ஆபீசுக்கு வந்த அப்புறம்தான் எங்க ஜீப்பு நல்லா ஓட ஆரம்பிச்சுச்சு. வேற ஒண்ணும் சொல்றதுக்கில்ல" என்றார்.

அதில் ஒரு வார்த்தை பொய் இல்லை. தாவீது முதலில் கை தட்டினார், மற்ற முப்பத்தெட்டுப் பேரும் சேர்ந்துகொண்டார்கள். அன்புசெல்வன் ஓடிவந்து, பைபிளில் சாம்சன் என்றாலே பலசாலிதானே, நம் பாட்டிலுக்கு இவர் முகமே பொருத்தம் என்று சொல்லி ஒரு போட்டோ எடுத்துக்கொண்டான். ஒரு காகிதத்தில் கையெழுத்தும் வாங்கிக்கொண்டான்.

மார்ச் முப்பத்தொன்றாம் தேதி தணிகாசலம் சான்றிதழில் கையெழுத்துப் போட்டார். பேனாவை மூடிவிட்டு, கதவைச் சாத்தச் சொல்லி, குரலைத் தாழ்த்திக்கொண்டார். அவருடைய சொந்தக் கார் சர்வீசுக்கு நிற்கிறதாம், சாம்சனுக்குத் தெரிந்த நல்ல மெக்கானிக் யாராவது உண்டா என்று கேட்டார். சாம்சன் கன்னியம்மா பேரைச் சொன்னார்.

"நல்ல ஆயிலா மாத்தச் சொல்லு. காலாகாலத்துல மாத்திடணும், அதான் முக்கியம். அந்த பாட்டில கீட்டில ஊத்திடப் போறாங்க, பக்கத்துலயே நின்னு பாத்துக்கோ."

சாம்சன் அவரையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"இன்னா நைனா அப்படிப் பாக்குற? சொந்த வண்டிடா" என்றார் தணிகாசலம்.

ஏப்ரலில் சாம்சன் நிரந்தரமானார். நிரந்தரமான மறுநாளே அவருக்கு முதல் காகிதம் வந்தது. தற்காலிகப் பணியாளரிடம் விளக்கம் மட்டுமே கோர முடியும், நிரந்தரப் பணியாளர்மீதுதான் நடவடிக்கை எடுக்க இயலும் என்பதால், முக்கால் லிட்டர் கோப்பு மீண்டும் திறக்கப்படுகிறது என்று சந்திரகலா மேடம் எழுதியிருந்தார். கூடவே ஒரு டப்பாவில் லட்டும் வைத்திருந்தார்.

அதுகூடப் போகட்டும். அடுத்த ஞாயிற்றுக்கிழமை சபையில் சாட்சி சொல்லும் நேரத்தில் ஹெலன் எழுந்தாள். கர்த்தர் செய்த நன்மையை எல்லார் முன்னாலும் சொல்வது அங்கே வழக்கம். பதினோரு வருஷம் காத்திருந்ததைச் சொன்னாள், ஜீப்பு இருமியதைச் சொன்னாள், ஒரு சின்ன பாட்டிலைக் கருவியாக்கித் தேவன் கதவைத் திறந்ததைச் சொன்னாள். தன் புருஷன் படம் போட்ட பாட்டிலை உயர்த்திக் காட்டினாள். சபை அல்லேலூயா என்றது. சாம்சன் பெஞ்சில் இன்னும் கீழே சரிந்து உட்கார்ந்தார். பொய்ச்சாட்சி சொல்லாதிருப்பாயாக என்று நேர் எதிர்ச் சுவரில் எழுதியிருந்தது.

அந்த வாரமே சபையில் இருந்த அத்தனை வண்டியிலும் பலவான் இறங்கியது. பாஸ்டரின் வேனுக்கு, "உங்க கையாலேயே ஊத்துங்க பிரதர்" என்று பாஸ்டரே பாட்டிலை நீட்டினார். ஊற்றிவிட்டுச் சாம்சனுக்குத் தூக்கம் போனது. சனிக்கிழமை வேனைக் கழுவித் தருகிறேன் என்று ஓட்டிக்கொண்டு போய் ஆயில் மாற்றிக்கொண்டு வந்தார். வேன் ஜோராக ஓடியதைப் பார்த்து மற்றவர்களும் ஆளுக்கு இன்னொரு பாட்டில் வாங்கினார்கள். அவர்கள் வண்டியையும் ஒவ்வொன்றாகக் கழுவ வேண்டியதாயிற்று. நிரந்தரமான மனுஷனுக்கு ஞாயிறும் இல்லை, சனியும் இல்லை. ஊர் வண்டிக்கெல்லாம் இப்படி ஓடி ஓடி, வீட்டில் நின்ற ஹெலனின் ஸ்கூட்டரை அவர் மறந்தே போனார். ஹெலன் மறக்கவில்லை. மாதாமாதம் அதில் பலவானை ஊற்றிக்கொண்டுதான் இருந்தாள்.

ஆகஸ்டில் ஒருநாள் அந்த ஸ்கூட்டர் நடுரோட்டில் இறுகி நின்றது. இருவருமாகத் தள்ளிக்கொண்டு கன்னியம்மா கடைக்கு வந்தார்கள். கடை வாசலில் ஆளுயர விளம்பர அட்டையில் சாம்சன் சிரித்துக்கொண்டு நின்றார், கையில் பலவான். என்ன இது என்று சாம்சன் கண்ணாலேயே கேட்டார்.

"நான் இன்னாண்ணா பண்றது?" என்றாள் கன்னியம்மா. "வர்றவன்லாம் உன்னைக் காட்டி அத்தக் கேக்குறான். இல்லன்னா எதிர்க்கடைக்குப் போயிடுறான்."

அவள் ஸ்கூட்டரின் ஆயிலை இறக்கினாள். ஒரு சொட்டு விழுவதற்கே நேரம் பிடித்தது. என்ஜினைப் பிரித்துத்தான் பார்க்க வேண்டும், இது ஆயில் மாற்றாமலே விட்டதனால் வந்த வினை என்று சொல்லிவிட்டு, சாம்சனைப் பார்த்தாள். சாம்சனுக்கும் புரிந்தது. இனிச் சீட்டுக் கிழிய முடியாது. மனுஷன் நிரந்தரம். இந்த ஒருத்தியிடமாவது சொல்லிவிடலாம் என்று தொண்டையைச் செருமினார்.

"ஹெலன், அந்த பாட்டில் விஷயத்துல..."

"அதான் நானும் நெனச்சிக்கினு இருக்கேன்," என்றாள் ஹெலன். "தப்பு நம்ம மேலதான். ஜீப்புக்கு, பாஸ்டர் வேனுக்கெல்லாம் பெரிய பாட்டிலு. ஊட்டு வண்டிதானேன்னு நான் சின்ன பாட்டிலா வாங்கி ஊத்துனேன். சர்க்கார்லயே சாட்சி சொன்ன மனுஷன கட்டிக்கினு, நான் நம்பிக்க கொறச்சலா நடந்துக்கினேன்." அவள் கண்ணில் நிஜமாகவே தண்ணீர் நின்றது.

கன்னியம்மா கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைக்காமல் காத்திருந்தாள். வாசலில் இருந்த சாம்சன் சிரித்துக்கொண்டே இருந்தார். உள்ளே இருந்த சாம்சன் இறக்கிவைத்த ஆயிலைப் பார்த்தார்.

"பெரிய பாட்டிலு இருக்குதா கன்னியம்மா?" என்று கேட்டார்.

"ரெண்டு சைசும் வெச்சிருக்கேண்ணா" என்றாள் அவள்.